எஃகுக் கோளமும் ஆம்ஸ்டர்டாம் அறையும்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில், 1928-இல் ஓர் எஃகு உருண்டை எழும்பியது. குறுக்களவு 64 அடி. உள்ளே ஐந்து தளம். சுற்றிலும் கப்பலில் இருப்பதுபோல வட்டச் சன்னல்கள், நல்ல ஹோட்டலுக்குரிய வசதியோடு படுக்கையறைகள். கதவை அடைத்துவிட்டு உள்ளே காற்றை அழுத்தி ஏற்றுவார்கள். சர்க்கரை நோய், சிபிலிஸ், கொடிய இரத்தசோகை, புற்றுநோய் என்று வந்தவர்கள் அந்த அழுத்தத்துக்குள்ளேயே தங்கி, உண்டு, உறங்கித் தேறுவார்கள் என்பது டாக்டர் ஆர்வல் கன்னிங்ஹாமின் நம்பிக்கை. கட்டுவதற்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தவர் பேரிங் தயாரிப்பாளர் ஹென்றி டிம்கன். தன் நண்பர் ஒருவர் கன்னிங்ஹாமிடம் குணமானதைப் பார்த்துத்தான் அவர் அவ்வளவு பணத்தை எடுத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

முப்பது ஆண்டு கழித்து ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா காஸ்ட்ஹௌஸ் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் ஈட்டே பூரெமா அழுத்தம் தாங்கும் ஓர் அறையை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சகா வில்லெம் ப்ரும்மல்காம்ப்பும் அவரும் சேர்ந்து 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காயத்தில் புகுந்து தசையை மணிக்கணக்கில் அழுகவைக்கும் கேஸ் காங்கிரீன் நோயை, உயரழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்து நிறுத்த முடிகிறது என்பது அதன் சாரம்.

கன்னிங்ஹாமும் பூரெமாவும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: சில கிருமிகளுக்கு ஆக்ஸிஜன் ஆகாது, அழுத்தத்தின் உதவியால் உடம்புக்குள் ஆக்ஸிஜனைக் கூட்டினால் அவை அடங்கும். ஒருவர் மருத்துவ வரலாற்றில் போலிச் சிகிச்சைக்கு எடுத்துக்காட்டாகிப்போனார். மற்றவர் வழிமுறை அறுவை மருத்துவப் பாடநூல்களில் ஏறியது. ஒருவர் புளுகர், மற்றவர் விஞ்ஞானி என்று பிரித்துவிட்டுப் போவது சுலபம். அப்படிப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கன்னிங்ஹாம் படித்த மருத்துவர், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பேராசிரியர். அவர் தொடங்கிய இடத்தில் தப்பில்லை. தப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

1918-இன் இன்ஃப்ளூயன்சா காலம். மலைப்பாங்கான ஊர்களில் சாவு அதிகம், கடற்கரைப் பக்கம் குறைவு என்று கன்னிங்ஹாம் கவனித்தார். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், கீழே கூடும். அப்படியானால் கடல்மட்டத்தையும் தாண்டி அழுத்தத்தைக் கூட்டினால் என்ன? நுரையீரல் அடைத்து நீலம் பாரித்துக் கிடந்த நோயாளிகளை அழுத்தக் கலத்துக்குள் வைத்தார். பிழைத்தவர்கள் இருந்தார்கள், இதில் அதிசயம் எதுவும் இல்லை. காற்றின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மூச்சில் போகும் ஆக்ஸிஜனின் அழுத்தமும் இரண்டு மடங்காகும். மூச்சுக்குத் தவிப்பவருக்கு அது உயிர். 1921-இல் கான்சாஸ் நகரில் 88 அடி நீளத்துக்கு ஒரு பெரிய கலத்தையே கட்டினார்.

கிருமிகளைப் பற்றிய அவருடைய யோசனையையும் அந்தக் காலத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். பல்லிலோ டான்சிலிலோ ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பிய நாள்கள் அவை. நியூஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் நோயாளிகளின் பல்லை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சிபிலிஸ் முற்றி மூளையைத் தாக்கியவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியா காய்ச்சலை வரவழைத்த வாக்னர் யாரெக்குக்கு 1927-இல் நோபல் பரிசே கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில், காற்று வேண்டாத கிருமி ஒன்று உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது, அதை அழுத்தக் காற்றால் விரட்டலாம் என்று ஒருவர் சொன்னால் யாரும் வாயைப் பிளந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர் பட்டியலில் சர்க்கரை நோய் இருந்தது. இன்சுலினைக் கண்டுபிடித்து நோயாளிகளுக்குப் போடத் தொடங்கியது 1922-இல். ஆறு ஆண்டு கழித்தும் அந்த நோயைக் கிருமித் தொற்று என்று சொல்லி ஐந்து மாடிக் கோளத்தில் ஆளைத் தங்கவைத்தது, காலத்தின் அறியாமையில் சேராது. கண்ணுக்கு எதிரே இருந்ததைப் பார்க்க மறுத்தது அது. அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் தரப்பில் அச்சில் வந்தது 1927-இல் மயக்கவியல் இதழ் ஒன்றில் வெளியான ஒரு கட்டுரை. அழுத்தப்பட்ட காற்றின் வழியாக ஆக்ஸிஜன் சிகிச்சை என்பது அதன் பொருள். கிருமியை எந்த நோயாளியின் எந்த இடத்திலிருந்து எடுத்தார், சிகிச்சைக்குப் பிறகு அது போயிற்றா, எத்தனை பேர் தேறவில்லை என்பதற்கு விடை வரவேயில்லை. கோளம் 1934-இல் கைமாறியது. கன்னிங்ஹாம் 1937-இல் இறந்தார். 1942-இல் போருக்கு இரும்பு வேண்டும் என்று கோளத்தைப் பிரித்து எடுத்துப் போனார்கள்.

ஆதாரம் தரவில்லை என்பது நிர்வாகக் குற்றம்போல் கேட்கிறது. உண்மையான ஓட்டை அந்தக் கட்டுரையின் பொருளிலேயே இருக்கிறது. அவர் கொடுத்தது ஆக்ஸிஜன் அல்ல, காற்று.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன், ஆகவே ஆக்ஸிஜனின் பங்கு சுமார் 160. கோளத்துக்குள் அழுத்தம் மூன்று மடங்கு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆக்ஸிஜனின் பங்கு 480 ஆகும். இப்போது கோளமும் வேண்டாம், எஃகும் வேண்டாம். சாதாரண அறையில் படுத்திருப்பவருக்கு இறுக்கமான முகக்கவசத்தில் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால்? 760. பத்து லட்சம் டாலர் கட்டடம், ஒரு சிலிண்டருக்கும் கவசத்துக்கும் முன்னால் தோற்றுப்போகிறது. அந்தக் கவசம் அன்று இல்லாத பொருளும் அல்ல. விஷவாயு தாக்கிய படைவீரர்களுக்காக ஜே. எஸ். ஹால்டேன் 1917-லேயே ஆக்ஸிஜன் கவசம் பற்றி எழுதினார், அது போர்முனையில் புழக்கத்துக்கும் வந்துவிட்டது.

பூரெமாவின் அறையில் மூன்று மடங்கு அழுத்தத்தில் மூச்சுக்குப் போனது சுத்த ஆக்ஸிஜன். கணக்கு 2280-ஐத் தொடுகிறது. 480 எங்கே, 2280 எங்கே! வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி எஃகுக் கலம்தான். உள்ளே போகும் மருந்தின் அளவு மட்டும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வேறு.

இன்னொரு வகையிலும் இது தெரிகிறது. கன்னிங்ஹாமின் ஆட்கள் அழுத்தத்துக்குள் மணிக்கணக்கில் இருந்தார்கள், அறை எடுத்துத் தங்கினார்கள். சுத்த ஆக்ஸிஜனை மூன்று மடங்கு அழுத்தத்தில் வைத்து அப்படித் தங்க முடியாது. வலிப்பு வரும். உயரழுத்த ஆக்ஸிஜன் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சாகும் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் 1878-லேயே காட்டியிருந்தார். அதனால்தான் ஆம்ஸ்டர்டாம் வழிமுறையில் ஒரு தடவை என்பது ஒன்றரை, இரண்டு மணி நேரத்தோடு முடிந்தது. உள்ளே நாள்கணக்கில் சுகமாக இருக்க முடிந்தது என்பதே கோளத்தில் மருந்து போதவில்லை என்பதற்குச் சாட்சி.

பூரெமா தேடிப் போனது தொற்றுநோயை அல்ல. பிறவி இதயக் கோளாறோடு வரும் குழந்தைகளுக்கு அறுவை செய்ய, இரத்த ஓட்டத்தை நிறுத்திவைக்கும் நேரத்தைச் சில நிமிடமாவது நீட்ட வேண்டும். அதற்காகத்தான் அறை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின், சாதாரண மூச்சிலேயே அது ஏறக்குறைய நிரம்பிவிடும். அதற்கு மேல் ஆக்ஸிஜன் போக வேண்டுமானால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான் கரைய வேண்டும். கோலி சோடாவில் வாயு கரைந்திருப்பது அழுத்தத்தால்தான், இங்கேயும் அதே விதி. சாதாரணக் காற்றில் 100 மில்லி இரத்தத்தின் பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் 0.3 மில்லி. மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் 6 மில்லி. ஓய்வில் இருக்கும் உடம்பு ஒவ்வொரு 100 மில்லி இரத்தத்திலிருந்தும் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதைக் கண்கூடாகக் காட்டப் பூரெமா பன்றிக்குட்டிகளை எடுத்தார். சிவப்பணுக்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போகும் அளவுக்கு இரத்தத்தை வெளியேற்றி, பதிலுக்குப் பிளாஸ்மா போன்ற திரவத்தை ஏற்றி, உயரழுத்த ஆக்ஸிஜனில் வைத்தார். குட்டிகள் உயிரோடு இருந்தன. இரத்தத்தைத் திருப்பி ஏற்றியதும் எழுந்து நடந்தன. 1960-இல் வந்த அந்த ஆய்வறிக்கைக்கு அவர் இரத்தமில்லா வாழ்வு என்று தலைப்பு வைத்தார். இதய அறுவைக்கு இதய-நுரையீரல் இயந்திரம் வந்துவிட்டதால் அந்தத் துறையில் அறைக்கு வேலை குறைந்துபோனது. கேஸ் காங்கிரீன் அதைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம்.

அந்த நோயைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மண்ணிலும் சாணத்திலும் குடலிலும் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி ஆழமான காயத்தில் நசுங்கிய தசைக்குள் மாட்டிக்கொள்கிறது. உரம் போட்ட வயல்களில் நடந்த முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இதற்குப் பலியானார்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வலி தொடங்கும். காயம் பார்க்கச் சிறிதாக இருக்கும், ஆனால் நோயாளி துடிப்பார். பொருந்தாத அந்த வலிதான் முதல் எச்சரிக்கை. பிறகு தோல் வெண்கல நிறமாகும், கருநீலமாகும், இரத்தம் கலந்த நீர்க்கொப்புளங்கள் எழும். விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் நொறுநொறுவென்று வாயுக்குமிழ் உடைவது தெரியும். எக்ஸ்ரேயில் தசைநார்களுக்கு இடையே வாயு கோடுகோடாக, இறகுபோல் படிந்திருக்கும். வெளியில் தெரியும் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்துவிட்டு அடுத்த மணி நேரத்தில் வந்து பார்த்தால் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

தசையைக் கரைப்பது கிருமி சுரக்கும் ஆல்ஃபா என்ற நச்சு. அது செல்களின் சவ்வை உடைக்கிறது, சிறு இரத்தக்குழாய்களை அடைக்கிறது. குழாய் அடைத்தால் ஆக்ஸிஜன் வரத்து நிற்கிறது. ஆக்ஸிஜன் நின்றால் கிருமிக்குக் கொண்டாட்டம், இன்னும் நச்சைச் சுரக்கிறது. இந்தச் சுழலை அறுப்பதுதான் ஆக்ஸிஜனின் வேலை. திசுவில் ஆக்ஸிஜன் அழுத்தம் 250 மில்லிமீட்டருக்கு ஏறினால் ஆல்ஃபா நச்சின் உற்பத்தி நின்றுபோகிறது என்று 1965-இல் வான் உன்னிக் காட்டினார். சாதாரணமாகத் திசுவில் இருப்பது 30, 40. முகக்கவசத்தால் 250-க்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது, கோளத்துக் காற்றால் நிச்சயம் முடியாது. மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனால் முடியும்.

இதில் இன்னொரு நுணுக்கம். நச்சு புதிதாக உண்டாவதுதான் நிற்கிறது. ஏற்கெனவே சுரந்ததை ஆக்ஸிஜன் ஒன்றும் செய்யாது, ஆனால் அது சீக்கிரமே செயலிழந்துவிடும். ஆகவே வேகம் முக்கியம். ஆம்ஸ்டர்டாம் கணக்கு மூன்று நாளில் ஏழு தடவை: முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று, அடுத்த இரண்டு நாளும் இரண்டிரண்டு. முதல் சில தடவைகளுக்குள் நோய் பரவுவது நின்றுவிட்டால், செத்த தசைக்கும் உயிருள்ள தசைக்கும் எல்லை தெளிவாகத் தெரியத் தொடங்கும். பிறகு எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். தொடையோடு எடுக்க வேண்டிய காலைக் கணுக்காலுக்கு மேலே காப்பாற்ற முடிந்தால் நோயாளிக்கு அதுதான் பெரிய வெற்றி. 1963-இல் லான்செட் இதழில் 26 நோயாளிகளைப் பற்றி ஆம்ஸ்டர்டாம் குழு எழுதியது. யாரைச் சேர்த்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன செய்தோம் என்று இன்னொரு மருத்துவமனை அப்படியே செய்துபார்க்கும்படி எழுதினார்கள். கன்னிங்ஹாம் விட்டது இதைத்தான்.

ஆக்ஸிஜன் தனியாக என்ன செய்யும்? அமெரிக்காவில் டிமெல்லோவும் ஹிச்காக்கும் 1973-இல் நாய்களில் இதைச் சோதித்தார்கள். கிளாஸ்ட்ரிடியம் தொற்று ஏற்றிய நாய்களுக்கு ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அறுவை மட்டும் செய்தாலும் அதே கதி. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் பாதி பிழைத்தன. அறுவையும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால் 70 சதவீதம், மூன்றும் சேர்ந்தால் 95 சதவீதம். இந்த ஒப்பாய்வில் எனக்கு மிகப் பிடித்த எண் முதலில் வரும் பூஜ்யம். ஆம்ஸ்டர்டாமின் ஆக்ஸிஜன் கத்திக்கும் பென்சிலினுக்கும் பக்கத்தில் நிற்கும் உதவியாள். கிளீவ்லாந்தில் அது தனியாளாக எல்லா நோயையும் தீர்க்கும் என்று நிறுத்தப்பட்டது.

இதுவரை சொன்னதை வைத்து ஆம்ஸ்டர்டாமுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட முடியாது. கேஸ் காங்கிரீன் பற்றி 2015-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வுக்கு, ஆக்ஸிஜன் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் சீட்டுக்குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட பரிசோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தசையுறையை அழிக்கும் நெக்ரோடைசிங் ஃபாசியைட்டிஸுக்கும் இதே நிலைதான். நோய் அபூர்வம், ஓடும் நேரமோ மணிக்கணக்கு. உயிருக்குப் போராடும் ஒருவரைச் சீட்டுக்குலுக்கி ஒரு பக்கம் வைக்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது. பக்கத்து ஊரில் அறை இருக்கிறது என்று அறுவையைத் தள்ளிப்போட்டு நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றினால் அதுவே கொல்லும் என்று வாதிடும் அறுவை மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆக, அறுதியான சான்று இரண்டு பக்கமும் இல்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாம் எந்தக் கிருமி, எந்த நச்சு, எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லியது. தப்பாக இருந்தால் தப்பு என்று காட்ட அது இடம் கொடுத்தது. கிளீவ்லாந்தில் அந்த இடமே இல்லை.

ஆக்ஸிஜன் கிருமியைக் கொல்லும் என்ற கன்னிங்ஹாமின் சூத்திரம் தொற்றுநோய்களுக்குப் போதாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. எலும்புச் சீழை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆக்ஸிஜனிலும் வளரும், இல்லாமலும் வளரும். ஆக்ஸிஜனைக் கண்டு அது ஏன் பயப்பட வேண்டும்? பயப்படாது. டெக்ஸாசில் ஜான் மேடர் முயல்களின் எலும்பில் அந்தக் கிருமியை ஏற்றி அளந்தபோது, சீழ் பிடித்த எலும்பில் ஆக்ஸிஜன் 20 சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. வெள்ளணு கிருமியை விழுங்கியதும் அதைக் கொல்ல ஆக்ஸிஜனைத்தான் வேதிப்பொருளாக மாற்றி வீசுகிறது. 20 சொச்சத்தில் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. அறைக்குள் வைத்தால் அதே எலும்பில் அளவு 100-ஐத் தாண்டியது, வெள்ளணுவுக்கு ஆயுதம் திரும்பக் கிடைத்தது. ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் கிருமியின் செல்லுக்குள் நுழையவும் ஆக்ஸிஜன் தேவை. இங்கே ஆக்ஸிஜன் கொலையாளி அல்ல, கொல்பவர்களுக்கு உணவு. அடங்காத எலும்புச் சீழ், மூளைக்குள் கட்டி போன்றவை இன்று உயரழுத்த மருத்துவச் சங்கங்களின் ஏற்புப் பட்டியலில் கேஸ் காங்கிரீனோடு இருப்பது இந்தக் காரணங்களால்தான்.

நம் ஊரில் இந்த அறையைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேஸ் காங்கிரீனுக்காகக் கேள்விப்படுவதில்லை. சர்க்கரை நோய்க்காரரின் ஆறாத கால் புண்ணுக்காக. அங்கே இந்த இரண்டு பேரின் கதையும் ஒரே ஆய்வுக்குள் சந்திக்கிறது. ஸ்வீடனின் ஹெல்சிங்போரியில் லோன்டால் குழு 94 நோயாளிகளை வைத்து நடத்திய பரிசோதனை 2010-இல் வெளியானது. இரு குழுவும் ஒரே அறைக்குள் போனார்கள், இரண்டரை மடங்கு அழுத்தம், 40 தடவைவரை. ஒரு குழுவுக்குச் சுத்த ஆக்ஸிஜன், மறு குழுவுக்கு அதே அழுத்தத்தில் வெறும் காற்று. யார் எதைப் பெறுகிறார் என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் ஆக்ஸிஜன் குழுவில் 52 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது, காற்றுக் குழுவில் 29 சதவீதம். ஏமாற்று மருந்தாக அவர்கள் கொடுத்தது என்ன என்று பாருங்கள்: அழுத்தப்பட்ட காற்று. கன்னிங்ஹாம் மருந்து என்று விற்றதை எண்பது ஆண்டு கழித்து ஆராய்ச்சியாளர்கள் மருந்தில்லாத பக்கமாக எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2016-இல் கனடாவிலிருந்து வந்த ஃபெடோர்கோவின் ஆய்வு, காலை எடுக்க வேண்டிவரும் நிலையில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை என்றது. 2018-இல் வந்த டாமக்லீஸ் ஆய்வு நெதர்லாந்துக்காரர்களே நடத்தியது. இரத்த ஓட்டம் குறைந்த கால்களுடைய 120 பேரில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நோயாளிகளில் கணிசமானவர்களால் எல்லாத் தடவையும் முடிக்கவே முடியவில்லை. பூரெமாவின் நாட்டில் அவர் வழிமுறையையே கேள்வி கேட்டுப் பார்த்து, கிடைத்த விடையை அப்படியே அச்சிடுகிறார்கள். கிளீவ்லாந்தில் எதிர்பார்க்க முடியாதது இது.

கன்னிங்ஹாம் பழங்கதை என்று நினைக்கவும் வழியில்லை. சருமப் பொலிவு, இளமை, குழந்தைகளின் ஆட்டிசம் என்று சொல்லி விற்கப்படும் மென்துணிக் கூடாரங்கள் பல 1.3 மடங்கு அழுத்தத்தில் காற்றை நிரப்புகின்றன. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 160-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 208. கடல்மட்டத்தில் 27 சதவீத ஆக்ஸிஜனை மூச்சில் இழுப்பதற்குச் சமம். மூக்குக்குழாயில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தாலே வந்துவிடும் அளவு. இந்த மென்துணிக் கூடாரமாவது பெரும்பாலும் யாரையும் கொல்லாது. சுத்த ஆக்ஸிஜன் நிரம்பிய கடின அறை வேறு. 2025 ஜனவரியில் மிச்சிகனில் ஒரு தனியார் மையத்தின் அறை தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். அவனை அங்கே அழைத்துப் போனது தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கும் கவனக்குறைபாட்டுக்கும். இரண்டுமே ஏற்புப் பட்டியலில் இல்லாதவை.

முறையான மையத்தில் உள்ளே போகுமுன் நடக்கும் சோதனை அந்தப் பயத்திலிருந்து வந்தது. நூறு சதவீதம் பருத்தி உடை, அது அவர்கள் கொடுப்பது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்திருந்தால் கழுவிவிட்டு வரச் சொல்வார்கள். கிரீம், வாசனைத் திரவியம், காது கேட்கும் கருவி, செல்போன், தீப்பெட்டி எதற்கும் இடமில்லை. கதவு மூடி அழுத்தம் ஏற ஏறக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கச் சொல்வார்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விடமாட்டார்கள்.

அதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. கால் புண்ணுக்காக வரும் ஒருவருக்கு நாற்பது தடவை ஆரம்பிக்குமுன், புண்ணுக்கு அருகில் நல்ல தோலின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஓர் உணரியை ஒட்டுவார்கள். அது தோலை 43, 44 டிகிரிக்குச் சூடாக்கி, அடியில் இருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தத்தை வெளியிலிருந்தே படிக்கும். முதலில் சாதாரணக் காற்றில் ஒரு எண். பிறகு அறைக்குள், அழுத்தத்தில், ஆக்ஸிஜன் மூச்சில் இருக்கும்போது இன்னொரு எண். இரண்டாவது எண் 200-ஐத் தாண்டினால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. தாண்டவில்லை என்றால் இரத்தக்குழாயே அடைத்துக் கிடக்கலாம். அப்போது முதலில் அனுப்ப வேண்டியது அறைக்கு அல்ல, இரத்தநாள அறுவை மருத்துவரிடம். அடைப்பை நீக்கிய பிறகு மறுபடி அளந்து பார்க்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சையைச் சொன்னார்கள் என்றால் கட்டணத்தைக் கேட்குமுன் அந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.